ஒத்திவைக்கப்பட்ட மறியல்

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு, ஊரைச் சுற்றி எத்தனை கல்லூரிகள் வந்துவிட்டன என்று தெரிந்துகொள்ள ஒருநாள் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அவற்றின் மஞ்சள் பேருந்துகளை எண்ணினேன். பதினேழு வரை வந்தது. அப்புறம் ஒரே பேருந்தை இரண்டு தடவை எண்ணிவிட்டேனோ என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அது தீரவில்லை. எத்தனையாக இருந்தால் என்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு நான்கு பேர் நின்றாலே எண்ணியாக வேண்டும்.

இந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் முன்னால் கள்ளக்குறிச்சியின் அரசியலை வளர்த்த கல்லூரி ஒன்று இருந்தது. இன்றைக்கு இந்த ஊரில் மேடையேறிப் பேசுகிற அறுபது வயதுக்காரர்களில், எந்தக் கட்சியானாலும் சரி, பலர் அதில் படித்தவர்கள். தேறாதவர்களின் கல்லூரி அது. பெயர்ப்பலகையில் கல்லூரி என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஊரார் டுடோரியல் என்பார்கள். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் ஒரு பாடமோ இரண்டு பாடமோ போனவர்கள், தியாகதுருகம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து திரும்பப் படிப்பார்கள். பெரும்பாலும் கணக்கில் போனவர்கள், அல்லது இங்கிலீஷில். நான் கணக்கு வாத்தியார்.

கீழே ஒரு பாயின் மிளகாய் மண்டி. மேலே நாங்கள். பழைய காலத்து மச்சு. பிள்ளைகள் நடந்தாலே காரை உதிரும். சேர்ந்து கை தட்டினால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் பாய் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"கை தட்றதுன்னா நான் தொழுகைக்குப் போனப்பறம் தட்டுங்க சார். சுண்ணாம்பு பூரா மொளகா மேல கொட்டுது. வாங்க வர்றவன், இன்னா பாய், மொளகாய்க்கு வெள்ளை அடிச்சிருக்கியான்னு கேக்கறான்."

அதனால் எங்கள் மாணவர் மன்றம் வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடியது. பாய் மண்டியை அடைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும் தொடங்கும். அவர் திரும்பி வந்து கடைப் பலகையைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், தலைவர் நாற்காலியில் இருப்பவர் "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்ல வேண்டும். சொன்ன நொடியில் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட வேண்டும், பேசுகிறவன் பாதி வாக்கியத்தில் இருந்தாலும். விட்ட இடத்திலிருந்து அடுத்த வெள்ளிக்கிழமை அதே தலைவர் தொடங்குவார். தலைவர் பதவி முறை வைத்து எல்லோருக்கும் வரும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக் கூடாது. நன்றி சொல்பவர் தன்னை மறுத்துப் பேசியவருக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களை யார் இயற்றியது என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தன. பரீட்சையில் தேறாத பிள்ளைகள் இதில் ஒன்றைக்கூட மறந்ததில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்கள் அவை. பிற்பட்டவர்களுக்குள்ளே தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் ரோட்டில் உட்கார்ந்தன. வேறு ஊர்களில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே மரியாதை இல்லை. எங்கள் மச்சில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். காலனிப் பிள்ளைகளும் இருந்தார்கள். காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் தலைகளை எண்ணுவேன். யாராவது குறைந்தால் மறுபடி எண்ணுவேன்.

மன்றத்தில் நன்றாகப் பேசுகிறவன் எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பையன். அப்பாவுக்குக் குத்தகை நிலம். இங்கிலீஷில் மூன்று தடவை போயிருந்தான். அரசாங்க வேலை ஒன்று வாங்கிவிட வேண்டும், கடைநிலை ஊழியரானாலும் பரவாயில்லை என்று இருந்தவன். நெட்டையாக இருப்பான் என்பதால் எல்லோரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். "தலைய எண்ணு, பங்கக் குடு!" என்று அவன் மேசையில் குத்தும்போது கீழே மிளகாய் மூட்டைகளின் மேல் சுண்ணாம்பு விழும். எனக்கும் அந்தக் கோரிக்கை பிடித்திருந்தது. எண்ணுவதில் என்ன தப்பு?

மலையிலிருந்து ஒரு பெண்ணும் வந்து படித்தாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஜீப்பும் போகாத ஊர். கல்வராயன் மலையாளிக் குடும்பம். கேரளத்து மலையாளி அல்ல, மலையிலேயே சாமை விதைத்து வாழ்கிறவர்கள். பன்னிரண்டாவதில் கணக்கு மட்டும் போயிருந்தது. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் நெட்டையின் பேச்சு முடிந்ததும், உட்கார்ந்தபடியே, "எங்க மலைக்கு யாரு வந்து எண்ணினாங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் நன்றியுரை அவனுடையது. முதல் நன்றி அவளுக்குப் போயிற்று.

அவள் தலைமை முறை வந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெட்டை பேச ஆரம்பித்து, நிறுத்துவதாக இல்லை. திடீரென்று அவள் "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நெட்டை கீழே எட்டிப் பார்த்தான். மண்டி அடைத்தே இருந்தது.

"பாய் இன்னும் வரலியே?"

"தெரியும். நீங்க ரொம்ப நேரமா பேசறீங்க, அண்ணே."

அந்தத் தடவைப் பரீட்சையில் அவள் கணக்கில் தேறிவிட்டாள். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். விழுப்புரத்தில் நேர்காணல், சான்றிதழ்களோடு மத்தியானத்துக்குள் நேரில் வரவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கார்டு வந்தது. அவளுடைய அப்பா முந்தின நாளே மலையிலிருந்து இறங்கி வந்து என் வீட்டுக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு மஞ்சள் பையில் சாமை அரிசி.

"எனக்கு அந்த ஊரு தெரியாதுங்க. நீங்க கூட வந்தா தைரியமா இருக்கும்."

மறியல் நடக்கிற நேரம், பஸ் ஓடுமா என்பதே நிச்சயமில்லை. மூன்று பேரும் விடிந்ததும் முதலில் கிளம்பிய பஸ்ஸில் ஏறினோம். சான்றிதழ்களை அவளுடைய அப்பா வேட்டி மடிப்பில் வைத்துக் கட்டியிருந்தார். நான் நாலு தடவை எடுக்கச் சொல்லி எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். நாலாவது தடவை அவள் சிரித்துவிட்டாள்.

"சார், நீங்க எண்றதுலயே அது தேஞ்சிடும்."

எலவனாசூர்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு மாட்டு வண்டிகள். மற்ற இடங்களில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். இங்கே அந்த வருஷப் புளி ஏலம் எடுத்தவர் மறியல்காரர்களில் ஒருவனுக்கு மாமா. அதனால் மரங்கள் தப்பின. ரோட்டின் மேலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்தொரு பேர். வண்டிச் சக்கரங்களுக்கு நடுவில் துண்டு கட்டிக்கொண்டு நெட்டை நின்றிருந்தான். அவனைச் சுற்றி எங்கள் டுடோரியல் பிள்ளைகளே ஒரு டஜன் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கி ஓடினேன்.

"வாங்க சார்! வரவேற்புரை இப்பதான் முடிஞ்சிது" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறியலையும் மன்றத்தைப் போலத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தலைவராக முன்மொழிந்து, வழிமொழிந்து, வண்டியின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அவரைப் போலீஸ் பேச்சு வார்த்தைக்கு என்று உளுந்தூர்பேட்டைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. வண்டி காலியாக இருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒரு பஸ்ஸை மட்டும் விடுங்கள் என்றேன். நெட்டை தலையைச் சொறிந்தான்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார். ஆனா தலைவர் இல்லாம எப்படி முடிவு எடுக்கறது? இத்தினி பேரு ஒக்காந்துக்கினு இருக்காங்க. நான் பாட்டுக்கு விட்டா, நீ யாருடா விடறதுக்குன்னு கேப்பாங்க."

"தலைவர் எப்ப வருவார்?"

"அது போலீஸைத்தான் கேக்கணும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விழுப்புரத்துக்கு எவ்வளவு தூரம், பஸ் எவ்வளவு வேகம் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது; ஒவ்வொரு கணக்கிலும் விடை குறைந்துகொண்டே வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அப்பா படிக்கட்டில் நின்றபடி வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்திலிருந்த எங்கள் பையன் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டான். எப்போதும் கிண்டல் பேசுகிறவன்.

"தலைவர் இல்லன்னு யாரு சொன்னது? இதோ வந்துட்டாங்க பாரு, மன்றத் தலைவரம்மா! முன்மொழியறேன்!"

"வழிமொழியறேன்!" என்றான் இன்னொருவன், தியாகதுருகத்துக்காரன்.

பெரிய சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய் மாட்டு வண்டியின் மேல் ஏறினாள். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் பேசாமல் நின்றாள்.

"ரெண்டு பேரும் வேற வேற ஊரு. செல்லும்" என்றாள். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. சாயங்காலம் நான் விழுப்புரத்துலேருந்து வந்ததும் தொடரும்" என்றாள்.

எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வருஷக்கணக்கில் பாய்க்குப் பயந்து பழகிய கால்கள். படித்த பிள்ளைகள் எழுந்ததைப் பார்த்து, ஏதோ முடிவாகிவிட்டது போலிருக்கிறது என்று மற்றவர்களும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். எழுபத்தொரு பேரும் நின்றபோதுதான் பின்னாலிருந்து ஒரு முதியவர் கேட்டார்.

"இன்னாடா, ஏன் ஏந்துட்டீங்க?"

"ஒத்திவச்சிட்டாங்க மாமா."

"யாரு?"

"தலைவரு."

"எந்தத் தலைவரு? அது மலைக்காரப் பொண்ணு இல்ல? அதுங்களுக்குத்தான் சர்க்காரு தனியாக் குடுத்திருக்கே, நம்ம ரோட்டுல அதுக்கு இன்னா வேல?"

சத்தம் கிளம்பியது. உட்காருங்கள் என்று சிலர் கத்தினார்கள். ஒருவர் இருவர் உட்காரவும் செய்தார்கள். நெட்டை வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை, அது கிண்டல்தான் என்று அவன் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

"மாமா, நமக்குக் கெடைக்கலன்னுதான ஒக்காந்துக்கினு இருக்கோம்?" என்றான். "கெடச்சதைப் போயி வாங்கிக்கினு வரட்டும். கெடைக்கறது எப்படி இருக்கும்னு நாமளும் பாக்கலாம்."

நுகத்தடியைத் தூக்கினான். வண்டி நகர்ந்தது. பஸ் அந்த இடைவெளியில் நுழைந்தபோது பின்னாலிருந்த கரும்பு லாரியும் ஹாரன் அடித்தது. "ஒத்திவைப்பு பஸ்ஸுக்கு மட்டும்தான்யா!" என்று லாரிக்காரனோடு யாரோ சண்டை பிடிக்கிற சத்தம் வெகுதூரம் வரை கேட்டது.

விழுப்புரத்தில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு கேள்வி கேட்டார்கள். முடிவு தபாலில் வரும் என்றார்கள். நானும் அவளுடைய அப்பாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். அவர் கேட்ட ஒரே கேள்வி, "சார், அந்தப் பசங்க உக்காந்திருப்பாங்களா?" என்பதுதான்.

திரும்புகிற வழியில் பஸ் எலவனாசூர்கோட்டையை நெருங்கியபோது அவள் எழுந்து கதவுப் பக்கம் போனாள். வேண்டாம், நேரே ஊருக்குப் போய்விடலாம் என்றேன். இனி ஏன் வம்பு என்றேன். இருட்டுவதற்குள் ஹாஸ்டலுக்குப் போக வேண்டாமா என்றேன். மூன்று காரணம் சொன்னேன்.

"நான் போலன்னா கூட்டம் அப்படியே நிக்கும் சார்" என்றாள்.

உண்மையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் மிச்சம். வண்டிகள் பழையபடி குறுக்கே நின்றன. காலையில் கேள்வி கேட்ட அந்த முதியவர் முன் வரிசையில் இருந்தார். அவள் வண்டியில் ஏறி, "கூட்டம் தொடர்கிறது" என்றாள். யாரோ ஒருவன் கை தட்டினான். அடுத்து யார் பேச வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து போலீஸ் வண்டி வந்து நின்றது.

இறங்கி வந்த அதிகாரி காலையிலிருந்து ரோடு ரோடாக அலைந்தவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏட்டு ஒருவர் பேனாவைத் திறந்துகொண்டு பின்னால் வந்தார்.

"இங்க யாரு தலைவரு?"

அவள் பெயர் ஒரு வழக்கில் ஏறினால் நன்னடத்தைச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் பயிற்சிப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். காலையில் வண்டியை நகர்த்தி வாங்கப் போன படிப்பு இடம், சாயங்காலம் அதே வண்டியில் ஏறியதால் கைவிட்டுப் போய்விடும். அவளுடைய அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. மகள் உயரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்" என்றான் நெட்டை. அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். "தலைவர் நான். முன்மொழிஞ்சது அவன், வழிமொழிஞ்சது இவன்."

"அய்யய்யோ, நான் வழிமொழியவே இல்ல சார்!" என்றான் தியாகதுருகத்துக்காரன்.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப வண்டி மேல நிக்கற பொண்ணு யாரு?"

அவள், "சார், நான்தான்" என்று ஆரம்பித்தாள். முன் வரிசை முதியவர் எழுந்து, "அது பஸ்ஸ எப்ப விடுவாங்கன்னு ஏறிப் பாக்குதுங்க. மலைக்காரப் பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்" என்றார். அவளை இறக்கி எங்கள் பக்கம் தள்ளினார். அவள் திமிறினாள். ஏட்டு நெட்டையின் பெயரையும் இன்னும் எட்டுப் பேரின் பெயரையும் எழுதிக்கொண்டார். அரசாங்க வேலைக்காக ரோட்டில் உட்கார்ந்தவன், அந்த வேலை தனக்குக் கிடைக்காமல் போகும்படி பெயரைச் சொல்லிவிட்டு, போலீஸ் வண்டிக்குள் தலை இடிக்காமல் குனிந்து ஏறினான்.

போலீஸார் மாட்டு வண்டிகளை ஓரம் தள்ளி எங்கள் பஸ்ஸை விட்டார்கள். கள்ளக்குறிச்சி வரும் வரை அவள் அழுதாள். பயத்தினால் என்று நினைத்து ஆறுதல் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான்தானே சார் தலைவர்? அவர் எப்படி மாத்தலாம்? ஓட்டெடுப்பு நடந்துச்சா?"

நெட்டை கடலூர் சிறையில் இரண்டு வாரம் இருந்து ஜாமீனில் வந்தான். வந்ததும் மறுபடி இங்கிலீஷ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். சிறைக்குப் போய் வந்தவன் என்று ஊரில் அவனுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். வேலைக்குப் போயிருந்தால் எங்கோ ஒரு அலுவலகத்தில் பைல் தூக்கிக்கொண்டிருப்பான். வழக்கு அவனை ஊரிலேயே நிறுத்திவிட்டது. பிற்பாடு இந்த ஊர் அவனுக்கு மூன்று தடவை ஓட்டுப் போட்டது. எங்கள் ஊர் அரசியல்வாதிகள் பலர் இப்படித்தான் உருவானார்கள். ஒரு பாடம் போயிருக்கும், ஒரு வழக்கு இருக்கும், ஒரு கூட்டத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று நன்றாகத் தெரியும். இன்றும் இங்கே எதிர்க்கட்சிக்காரரைத் திட்டி முடித்த கையோடு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. பயிற்சிப் பள்ளியில் சேர அவள் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. தகரப் பெட்டியோடு மச்சுக்கு ஏறி வந்தாள். மன்றம் நடந்துகொண்டிருந்தது. பேச அனுமதி கேட்டாள். பழைய மாணவிக்கு அனுமதி உண்டா என்று கொஞ்சம் விவாதம் நடந்து, கொடுத்தார்கள்.

"முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கூட்டத்தில் இருக்கும்போதே, தன்னைத் தலைவர் என்று போலீசாரிடம் சொல்லிக்கொண்டவரை இந்த மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது" என்றாள். எழுதிக்கொண்டு வரவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள்.

கண்டனத் தீர்மானம் ஒன்று அந்த மன்றத்தில் வந்ததே இல்லை. வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் விழுந்துவிடும் என்று தலைவர் நாற்காலியில் இருந்த பையன் மெல்லச் சொன்னான்.

கடைசி பெஞ்சில் நெட்டை எழுந்தான்.

"வழிமொழிகிறேன்" என்றான். "நாங்க வேற வேற ஊருதான்."

கைகள் உயர்ந்தன. எண்ணினேன், ஒருவர்கூட மிச்சமில்லை. வாத்தியாருக்கு ஓட்டு கிடையாது என்பதை மறந்து நானும் தூக்கியிருந்தேன். தீர்மானம் நிறைவேறியது.

நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அவசரப்படுத்தினேன். நெட்டை பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். அவள் அவனுக்கு இரண்டு முழம் முன்னால், திரும்பிப் பார்க்காமல், கோபம் தீராதவள் போலவே நடந்தாள். பேருந்து நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு அவன் ஜன்னலோரமாக நின்றான்.

"கேஸு என்னாச்சு அண்ணே?" என்று கேட்டாள்.

"வாய்தா போட்டிருக்காங்க" என்றான். "நீ போயி நல்லாப் படி."